டாக்டர் எழுதிய மருந்துதானே?

"டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே, இது என்ன கஞ்சாவா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டியின் மருந்தைப் போதைக்காக எடுத்துப் போடும் பதின்வயதுப் பிள்ளைகள் உண்டு. சரி, டாக்டர் யாருக்கு எழுதினார்? பாட்டியின் வயது, வலி, மற்ற மாத்திரைகள் எல்லாம் பார்த்துப் பாட்டிக்கு எழுதினார். பேரனுக்கு இல்லை.

கோடீன் என்ற ஓபியம் வகை மருந்து கலந்த இருமல் சிரப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கோடீனை மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணியாக மாற்றும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் படுவேகம். வழக்கமான அளவிலேயே மூச்சு மந்தமாகிவிடலாம். யாருக்கு அப்படி என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? 12 வயதுக்குக் கீழே கோடீன் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே பதற்றத்துக்குத் தரும் அல்ப்ரசோலம் மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

பரீட்சைக்காக அடுத்தவரின் மெதில்ஃபெனிடேட்டை, அதாவது கவனக்குறைபாட்டுக்குத் தரும் மாத்திரையை, வாங்கிப் போடுகிறவர்கள் தனி ரகம். விழித்திருக்கலாம்தான். படிப்பு ஏறுமோ என்னவோ, ரத்த அழுத்தம் ஏறும்.