தோட்டத்து அணியை லீக்கில் பதிவுசெய்த அனுபவம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்கு நான் செயலாளர். இந்தப் பருவத்தில்தான் நாங்கள் முறைப்படி கழகமாகி லீக்கில் சேர்ந்தோம். எப்படிச் செய்தீர்கள் என்று பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்து ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பிள்ளைகள் பந்து விளையாட இத்தனை கடதாசி எதற்கு என்று தோட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். பதிவு இல்லாவிட்டால் எவ்வளவு திறமாக ஆடினாலும் தோட்டத்து எல்லைக்கு அப்பால் அந்த ஆட்டத்துக்குக் கணக்கே இல்லை. மேலே போகும் வழி முழுவதும் பதிவில்தான் தொடங்குகிறது.

அந்த வழியைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 2024 இல் பெண்கள் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக்கைத் தொடங்கியது. போவது பெரும்பாலும் ஒரு நாட்டு லீக்கின் சம்பியன். தரவரிசையில் மேலே இருக்கும் நாடுகளின் கழகங்கள் நேரே குழுச் சுற்றுக்குப் போகும். மற்றவை முதலில் தகுதிகாண் சுற்று ஆடி, தங்கள் குழுவில் முதலிடம் பிடிக்க வேண்டும். குழுச் சுற்றில் 12 அணிகள், அதிலிருந்து 8 காலிறுதிக்கு. முதல் பருவக் கிண்ணத்தை 2025 மே மாதம் சீனாவின் வூஹான் ஜியாங்டா வென்றது, மெல்பர்ன் சிற்றியைப் பெனால்டியில் தோற்கடித்து. இந்தியாவின் ஒடிசா அணி அந்தப் பருவத்தில் தகுதிகாண் சுற்றைத் தாண்டியது, அடுத்த பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் தாண்டியது. பூட்டானிலிருந்து ரோயல் திம்பு கல்லூரி அணி தகுதிகாண் சுற்றுக்குப் போனது. மலை நாட்டு அணி, அதுவும் ஒரு கல்லூரியின் அணி! அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

2025 டிசம்பரில் காத்மண்டுவில் தெற்காசியப் பெண்கள் கழகப் போட்டி முதல் தடவையாக நடந்தது. இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், பூட்டான், பாகிஸ்தான் கழகங்கள் ஆடின. இலங்கைக் கழகம் இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சம்பியன் ஆனாலும் கழக உரிமம் இல்லாமல் ஆசியப் போட்டிக்குப் போக முடியாது. விளையாட்டு, மைதான வசதி, ஆளணி, சட்டம், நிதி என்று ஐந்து பக்கமும் பார்க்கிறார்கள். இளையோர் அணி உண்டா, பயிற்றுவிப்பாளரிடம் சான்றிதழ் உண்டா, கணக்கு வழக்கு ஒழுங்கா என்றெல்லாம் கேள்வி வரும். அதற்கும் மேலே நாட்டுச் சம்மேளனத்தின் நிலை இருக்கிறது. 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்திய ஃபிஃபா ஓகஸ்ட்டில்தான் தடையை நீக்கியது. அப்படித் தடை இருக்கும்போது நாட்டின் எந்தக் கழகமும் சர்வதேசப் போட்டிக்குப் போக வழியில்லை. அதெல்லாம் எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருந்தது எங்கள் கோப்பு மட்டும்.

சரி, கோப்புக்கு வருகிறேன். கழகத்துக்கு ஒரு யாப்பு (கழகத்தின் சட்டதிட்டம்), நிர்வாகக் குழுவின் பெயர்ப் பட்டியல், கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்கு, இவ்வளவும் கேட்டார்கள். இவை பெரிய பாரமில்லை. பொதுக்கூட்டத்தை மட்டும் கவனமாக வையுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்ததால் கொழுந்தெடுக்கும் அம்மாமார் வர முடிந்தது. பொருளாளராக ஓர் அம்மாவையே தெரிவுசெய்தோம், நல்ல முடிவு அது.

சிரமம் எல்லாம் பிள்ளைகளின் ஆவணங்களில்தான். லீக்கில் பதியும்போது ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஃபிஃபா அடையாள எண் ஒன்று வரும். விளையாடும் காலம் முழுக்க அதே எண்தான், எந்தக் கழகத்துக்கு மாறினாலும். அதனால் பெயரும் பிறந்த திகதியும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது லேசான காரியமா? பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, பாடசாலைப் பதிவில் லட்சுமி, அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி விலாசம் இல்லாததால் திருத்தத்துக்கு வந்த கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, தாமதமாகக் கைக்கு வந்தது. ஒரு காரியாலயத்தில் எங்கள் விண்ணப்பத்தை வாங்கவே மறுத்தார்கள், சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லி. தமிழில் கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று நின்று பேசி, கடைசியில் வாங்க வைத்தோம். நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் பெற்றோர் கையெழுத்து. அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடை வேலையில், பிள்ளை அம்மம்மாவோடு. இப்படி எங்கள் அணியிலேயே பல பேர். கிராம சேவகரிடம் போய், பிள்ளையை யார் பராமரிக்கிறார் என்று கடிதம் வாங்கி இணைத்தோம். லீக்கில் அதை ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் கேட்கப் போகும்போது அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

மைதானத்துக்குத் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி எடுத்தோம். வாய்ப் பேச்சை நம்பினால் துரை (முகாமையாளர்) மாறும்போது அனுமதியும் போய்விடும். எங்கள் மைதானம் சர்வதேச அளவுக்கு, அதாவது குறைந்தது 100 மீற்றர் நீளம், 64 மீற்றர் அகலத்துக்கு, கிட்டவும் வராது. பயிற்சிக்குப் போதும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அதுவும் சேறாகிவிடுவதால் மழைக்கு முன்னரே பயிற்சியை முடிக்கப் பார்க்கிறோம்.

ஒரு விஷயத்தைப் பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்குங்கள். ஃபிஃபா விதிப்படி ஒரு பருவத்தில் ஒருவர் மூன்று கழகங்களில் பதியலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்கு மட்டுமே போட்டியில் ஆடலாம். முப்படை அணிகளில் சேர்ந்தால் தொழிலும் கிடைக்கும், அதனால் நல்ல பிள்ளைகள் அங்கே போக விரும்புவார்கள். தடுக்கக் கூடாது. எங்கள் பதிவில் தொடங்கிய எண்ணோடுதான் அவர்கள் போவார்கள், அதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது 15 வயதுக்குட்பட்ட அணி ஒன்றைச் சேர்க்கிறோம். எங்கள் மூத்த வீராங்கனை ஒருவரைப் பயிற்றுவிப்பாளர் பயிற்சிக்கு அனுப்பப் பணம் சேர்க்கிறோம். கடவுச்சீட்டு எடுக்கக்கூடிய பிள்ளைகளைக் கண்டி அலுவலகத்துக்குக் கூட்டிப்போகும் யோசனையும் உண்டு. யாப்பின் தமிழ்ப் பிரதி என்னிடம் இருக்கிறது. உங்கள் அணிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்; கழகத்தின் பெயரை மாற்றி, உங்கள் பொதுக்கூட்டத்தில் வாசித்து நிறைவேற்றிக்கொள்ளலாம்.