உத்திர முனையும் அரசங்கன்றும்: ஒரு பழைய அண்ணா சாலைக் கட்டடம்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை அண்ணா சாலையைத் தொடும் முனையில் இருக்கிறது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். பேருந்தில் போகிறவர்கள் அதன் கோபுரத்தையும் செங்கல் வளைவுகளையும் பார்ப்பார்கள். பழுதுபார்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கு, இந்த வயதுக் கட்டடம் எதுவானாலும் கண் முதலில் போவது கைப்பிடிச் சுவருக்குத்தான்: அங்கே அரசங்கன்று முளைத்திருக்கிறதா, எத்தனை வருடக் கன்று?

1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனம் கட்டியது இது. வரைந்தவர் ஜே. எச். ஸ்டீஃபன்ஸ். அன்றைய பெயர் கார்டில் கட்டடம். 1934இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது எல்ஐசியிடம் வந்தது. 2006இல் இடிப்பு வேலை தொடங்கியது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குத் துணை நின்றது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். சாலையோர விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் உருவான பட்டியல் அது. பலகை எந்தக் கட்டடத்தை மறைக்கிறது என்று பார்க்கப் போய், காக்க வேண்டிய கட்டடங்களுக்குக் கணக்கு கிடைத்தது!

கைமாறும்போதெல்லாம் பயன்பாடு மாறுகிறது, பயன்பாடு மாறினால் பாரம் மாறுகிறது. மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரி ஒரு பாரம், காப்பீட்டு அலுவலகத்தின் கோப்பு ரேக் வேறு பாரம். இன்றைய இந்தியத் தர விதிப்படி அலுவலகத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ வரை தாங்க வேண்டும், கோப்பு அறை 500 கிலோ. மர உத்திரத்தின் மேல் நிற்கும் பழைய தளத்தில் ரேக்கை உத்திரம் ஓடும் திசையிலேயே வைத்தால் மொத்தப் பாரமும் ஓரிரு உத்திரத்தில் இறங்கும். குறுக்காக, சுவரை ஒட்டி வைத்தால் நாலைந்து உத்திரங்கள் பங்கிட்டுக்கொள்ளும். ரேக்கை ஐந்தடி நகர்த்தியதிலேயே தளத்தின் தொய்வு நின்றுபோன இடங்கள் உண்டு.

அந்தக் காலத்துச் சென்னையின் வழக்கமான கூரை மெட்ராஸ் டெரஸ். அதற்கென்றே ஐஎஸ் 2119 என்ற தர விதி இன்றும் இருக்கிறது. ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் 6 x 3 x 1 அங்குல அச்சுக்கல்லை, அதாவது மெல்லிய சிறு செங்கல்லை, சுண்ணாம்புக் காரை பூசி, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உத்திரத்துக்கு 45 பாகைச் சாய்வில் மூலையிலிருந்து அடுக்கிக்கொண்டே வருவார்கள். அடியில் தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகை எதுவும் கிடையாது. முந்தைய வரிசைதான் அடுத்த கல்லைப் பிடித்து நிற்கும். அது இறுகிய பிறகு மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் கட்டை துள்ளித் திரும்பினால் இறுகிவிட்டது, தட்டிய இடம் அமுங்கினால் இன்னும் வேலை இருக்கிறது. மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு, தண்ணீர் ஓடப் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம்.

இந்தக் கூரை வயதால் கெடுவதில்லை என்று அடித்துச் சொல்லலாம். கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர், அதுவும் முக்கியமாக ஒரே ஒரு இடத்தில். உத்திரம் சுவருக்குள் போகும் அந்த அரை அடிதான் அது. மழைநீர்க் குழாயின் வாயில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடியில் தேங்கி, சுவர் வழியாக இறங்கி, உத்திர முனையை நனைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் உத்திரம் கல் மாதிரி இருக்கும், பெயிண்டுகூட உரிந்திருக்காது. முனையில் திருப்புளியைக் குத்தினால் கைப்பிடி வரை இறங்கும். அதனால் சோதனை எப்போதும் சுவரோரத்தில்தான் தொடங்க வேண்டும். தட்டினால் கணீரென்று கேட்கிறதா, பொத்தென்று கேட்கிறதா என்று ஒவ்வொரு உத்திரத்தின் இரண்டு முனைகளிலும் பார்த்து, சாக்பீஸில் எண் போட்டுக் குறிக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் கழற்றாமல் அறிக்கை எழுதக் கூடாது. ஒழுகல் வருடக்கணக்காக ஒளிந்துகொள்ளும் இடம் அது.

முனை மட்டும் கெட்டிருந்தால் உத்திரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுச் சுவரில் ஏற்றலாம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இடைவெளி விட வேண்டும். இடைவெளியில் சிமென்ட் கலவையைத் திணித்து அடைத்தால் இதே வேலை திரும்ப வரும்.

சிமென்ட் பற்றி மேஸ்திரிகளோடு நடக்கும் சண்டைக்கு முடிவே இல்லை. காரைச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு பூக்கும், பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும், ஒருநாள் பூச்சு பலகை பலகையாக விழும். பூசியவர் ‘சுவர் மோசம் சார்’ என்பார்.

ஒழுகும் கூரைக்குச் செய்யப்படும் மலிவான வைத்தியம் இன்னும் மோசம். பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு ஜல்லி போட்டுவிடுவார்கள். நான்கு அங்குலச் சுண்ணாம்பு ஜல்லி நூறு சதுர அடிக்குச் சுமார் 1.7 டன். இரண்டு முறை இப்படிச் செய்த கூரையில் உத்திரம் தொய்யாமல் என்ன செய்யும்?

அரசங்கன்றை மேலோடு வெட்டுவது கத்தரித்துவிட்டு வளரவிடுவதற்குச் சமம். வேர் செங்கல் இணைப்புக்குள் பல அடி போயிருக்கும். அந்த இடத்துச் சுவரை நாலைந்து வரி கழற்றி, வேரை முழுதாக எடுத்து, சுண்ணாம்புக் காரையிலேயே திரும்பக் கட்ட வேண்டும். இதற்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இரண்டு மூன்று நாள் வேலை பார்க்க வேண்டும். வெட்டிவிடுவது பத்து நிமிட வேலை. ஒப்பந்தப் புள்ளியில் எது இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய கட்டடத்தில் இடிப்பு தொடங்கினால் முதலில் போவது கூரைதான், ஏனென்றால் காசு தேக்கில் இருக்கிறது. இடிக்க எடுப்பவர் விலை பேசுவதே உத்திரத்தையும் கதவு ஜன்னலையும் எண்ணித்தான். இப்படிப் பாதியில் தடை வந்தால், சுவர்களின் தலை வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும். காரைச் சுவரின் உச்சிதான் அதன் மிகப் பலவீனமான இடம். வழக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும், ஐப்பசி மழைக்கு முன்னால் தளர்ந்த செங்கலை எடுத்துவிட்டு, இரண்டு அங்குலக் காரையை இரண்டு பக்கமும் சரிவாகப் போட்டுச் சுவர்த்தலையை மூடிவிட வேண்டும். அதற்கு வேண்டிய சுண்ணாம்பை ஆவணியிலேயே நீற்றி ஊறப்போட்டுவிடுவது நல்லது.