776 விழுந்த நாள்

29 ஜூன் 2024, சனிக்கிழமை

அண்ணன் மகன் ஈப்போவுக்குத் திரும்புமுன் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன பழைய ஆங்கிலப் படங்களுள் 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' என்பதை இன்றிரவு பார்த்து முடித்தேன். 1948 டிசம்பரில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வழக்கறிஞர் வரும் படம் என்றாலே எனக்கு ஓர் அவநம்பிக்கை உண்டு. மேசையைக் குத்துவார்கள், விரலை நீட்டி முழங்குவார்கள், கடைசி நிமிடத்தில் சாட்சி ஓடி வருவார்.

இந்தப் படத்தில் நீதிமன்ற வாதம் என்று சொல்லத்தக்க காட்சி இல்லை. ஜான் கார்ஃபீல்ட் நடித்த ஜோ மோர்ஸ் என்னும் வழக்கறிஞன் வால் ஸ்ட்ரீட்டின் உயர்ந்த கட்டடம் ஒன்றில் அலுவலகம் வைத்திருக்கிறான். மதுவிலக்குக் காலத்தில் பீர் கடத்திப் பணம் சேர்த்த பென் டக்கர்தான் அவனுடைய முக்கியக் கட்சிக்காரன். நியூயார்க் முழுவதும் சிதறிக் கிடக்கும் சட்டவிரோத நம்பர் சூதாட்ட 'பேங்க்'குகளை வளைத்து ஒரே கூட்டமைப்பாக்கி, பிற்பாடு அதையே சட்டம் ஏற்கும் லாட்டரியாக மாற்றிவிட வேண்டும் என்பது இருவரின் திட்டம். துப்பாக்கி பிடிக்கும் ஆட்களை டக்கர் வேறு இடத்தில் வைத்திருக்கிறான். ஜோவின் வேலை அந்தத் தொழிலுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டிவிடுவது. எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் நகர்ந்த விதத்தை நினைத்துக்கொண்டேன்; வேலை என்பது பெரும்பாலும் தாள்தான்.

30 ஜூன் 2024, ஞாயிற்றுக்கிழமை

பசியாறிய கையோடு அண்ணன் வந்தார். அவருக்கு 74 வயதாகிறது. எழுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கள்ள நம்பர் சீட்டு எழுதியவர் என்பதால், கதையை அவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நேற்றே வந்துவிட்டது.

படத்தில் வரும் நியூயார்க்கில் நம்பர் என்பது மூன்று இலக்கம். 000 முதல் 999 வரை எதில் வேண்டுமானாலும் ஐந்து சென்ட், பத்து சென்ட் கட்டலாம். குதிரைப் பந்தயத் திடலில் அன்று விழுந்த பந்தயப் பணத்தின் கூட்டுத்தொகையிலிருந்து விழும் எண்ணை எடுப்பார்கள். ஆயிரம் எண்களுக்கு ஒன்று விழ, ஒரு டாலருக்கு ஏறத்தாழ 600 கொடுப்பது அந்நாளைய வழக்கம். மிச்சம் எழுதுபவனுக்கும் பேங்க் நடத்துபவனுக்கும். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர நாள். 1776இன் கடைசி மூன்று இலக்கமான 776இல் அன்று ஊரே பணம் கட்டும். டக்கர் தில்லுமுல்லு செய்து அந்த 776ஐயே அன்று விழ வைக்கிறான். அத்தனை பேருக்கும் கொடுக்கச் சின்னச் சின்ன பேங்க்குகளிடம் ஏது பணம்? அவை மூழ்கும் நேரத்தில் கைநிறைய ரொக்கத்தோடு டக்கர் வந்து கரையேற்றுவான். கரையேறியவர்கள் அதன்பின் அவனுடைய ஆட்கள்.

அண்ணன் இதைக் கேட்டு வியக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து, இடையில் கார்பன் தாள் வைத்து எழுதி, மேல் தாளைக் கட்டியவரிடம் கொடுத்துவிட்டு அடித்தாளைத் தீப்பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொள்வாராம். மாலைக்குள் கோப்பிக்கடையின் பின்வாசலில் அது தவுக்கேயின், அதாவது நம்பர் நடத்தும் முதலாளியின், ஆளிடம் போய்விட வேண்டும். ஒருமுறை ரப்பர் பால் ஏற்றிய லாரி வாய்க்காலில் கவிழ்ந்தபோது, அடிபட்டவர்களைத் தூக்குவதற்கு முன்பே அதன் நம்பர் பலகையைப் படித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்றும், மத்தியானத்துக்குள் எல்லா லயங்களும் அதையே கட்டியதால் தவுக்கே ஆளனுப்பி, "அந்த நம்பரைப் பூட்டியாச்சு, இனிமே எழுதாதே" என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னார். அந்த எண் விழவேயில்லை.

"உன் படத்துல அவன் ஏன்டா பூட்டல?" என்று கேட்டார். அது நல்ல கேள்வி. அதற்கு லியோவைப் பற்றி எழுத வேண்டும்.

2 ஜூலை 2024, செவ்வாய்க்கிழமை

லியோ, ஜோவின் அண்ணன். தாமஸ் கோமஸ் நடித்திருக்கிறார். பருத்த உடம்பு, பலவீனமான இதயம், எப்போதும் வியர்த்துப்போன முகம். தம்பியைச் சட்டம் படிக்க வைத்தவர் அவர். நெருக்கடியான குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் சின்ன நம்பர் பேங்க் நடத்துகிறார். ஜூலை 4 அன்று ஒரு நாள் மட்டும் மூடிவிடும்படி தம்பி வந்து கெஞ்சுகிறான். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால் டக்கரைக் காட்டிக்கொடுத்ததாகும் என்பதால் சுற்றிச் சுற்றிப் பேசுகிறான். லியோ மறுத்துவிடுகிறார். தன் தொழில் சின்னது, தம்பியின் தொழில் பெரிய திருட்டு, இரண்டும் ஒன்றல்ல என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தைப் படம் அப்படியே நம்பிவிடுவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கணவர் நாணயமான வியாபாரம் செய்துவந்தவர்தானே என்று மனைவி சொல்லும்போது, தான் முன்பு நடத்திய கராஜில் ஒவ்வொரு கேலன் பெட்ரோலுக்கும் மூன்று சென்ட் கூட்டி வாங்கியதையும், அதில் இரண்டு சென்ட் வண்டியோட்டிக்கும் ஒரு சென்ட் தனக்கும் போனதையும் லியோவே கணக்குச் சொல்லிக் கத்துகிறார். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை நினைவுக்கு வந்தது. வாளியைத் தராசில் மாட்டி முள் நிற்பதற்குள் கொக்கியிலிருந்து எடுத்துவிடுவார்கள். நிறுத்தவரும் அதை வாயால் சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

இன்னொன்று, தொலைபேசி. அரசுத் தரப்பு தன் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று ஜோவுக்குச் சந்தேகம் வந்தபின், குழலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, மெல்லிய 'டிக்' ஒன்று விழுகிறதா என்று காத்திருக்கிறான். எங்கள் அலுவலகத்தில் உள்ளறையிலும் என் மேசையிலும் ஒரே இணைப்பு இருந்தது. முதலாளி பேசும்போது நான் தவறிப்போய் எடுத்தால் அதே ஒலி கேட்கும். மறுமுனையில் இருப்பவர் உடனே குரலை மாற்றி வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

4 ஜூலை 2024, வியாழக்கிழமை

நாள் பொருத்தத்துக்காக அந்தப் பகுதியை மட்டும் இன்று மறுபடி பார்த்தேன். அண்ணன் மூடமாட்டார் என்று தெரிந்ததும் ஜோ தானே போலீசுக்குத் துப்புக் கொடுத்து அவருடைய பேங்க்கைச் சோதனையிட வைக்கிறான். பயந்தாவது ஒதுங்குவார் என்பது கணக்கு. லியோ ஒதுங்கவில்லை. அவரிடம் வேலை பார்க்கும் டோரிஸ் என்னும் இளம்பெண்ணும் சேர்ந்து பிடிபடுகிறாள். கணக்கெழுதும் பாயர் என்பவர் நடுங்கிப்போய்விடுகிறார். அந்தப் பயம்தான் பின்னால் பாயரை டக்கரின் எதிராளிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. லியோவின் சாவுக்கும் வழி அங்கிருந்தே திறக்கிறது. டக்கர் லியோவைக் கொல்லச் சொல்லவில்லை. ஜோ செய்த ஒவ்வோர் உதவியும் அவரை ஒரு படி கீழே இறக்கிக்கொண்டு போகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 1948 என்றால் வேறு நினைவு. ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் பிறந்த ஆண்டு அது. அப்பா சாகும்வரை, அப்போது மக்களைச் சுற்றிப் போட்ட முள்வேலியைப் பற்றித்தான் பேசினார். பிற்காலத்தில் எங்கள் லயங்களைக் காலி செய்ய முள்வேலியோ துப்பாக்கியோ தேவைப்படவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். தோட்டம் கைமாறியபோது குடியிருந்தவர்களுக்கு அனுப்பிய நோட்டீசுகளை நான்தான் தட்டச்சு செய்தேன். இத்தனை நாளுக்குள் வெளியேறினால் இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்), உங்கள் நன்மையைக் கருதியே, என்று ஒரே வாசகம், பெயரும் கதவு எண்ணும் மட்டும் மாறும். அவற்றுள் ஒன்று அண்ணன் பெயருக்குப் போனது. ஆறாம் வகுப்போடு நின்று ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், என்னை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தவர் அவர். பெயரில் ஓர் எழுத்துப் பிழை விழுந்ததால் அந்தத் தாளை உருவிப் போட்டுவிட்டு இரண்டாம் முறை அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர் அதைப் பற்றி இதுவரை என்னிடம் பேசியதில்லை.

5 ஜூலை 2024, வெள்ளிக்கிழமை

எடுத்தவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐரா உல்ஃபர்ட் 1943இல் எழுதிய 'டக்கர்ஸ் பீப்பிள்' என்ற நாவல்தான் மூலம். ஆப்ரகாம் பொலான்ஸ்கிக்கு இது இயக்குநராக முதற்படம். படத்தின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் பார்ன்ஸிடம் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ஓவியங்களைக் காட்டினாராம். வெறிச்சோடிய தெருவில் ஜோ மட்டும் நடந்து போகும் காட்சியைப் பார்த்தால் அது பொய்யில்லை என்று தெரியும். வசனங்கள் பாட்டின் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகின்றன. சில இடங்களில் எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகவே பட்டது.

1951இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கம்யூனிஸ்டுகளின் பெயர்களைக் கேட்டபோது பொலான்ஸ்கி சொல்ல மறுத்தார், தொழிலிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். அடுத்த படத்தை இயக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே விசாரணையில் சிக்கிய கார்ஃபீல்ட் 1952இல் 39 வயதில் இதயம் நின்று இறந்தார். 1994இல் இப்படத்தை அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

6 ஜூலை 2024, சனிக்கிழமை

அண்ணனை உட்காரவைத்து முழுப்படத்தையும் காட்டினேன். ஆங்கிலம் ஓடும் வேகத்துக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். உணவகத்தில் பாயரைச் சுட்டுவிட்டு லியோவை இழுத்துப் போகும் இடத்தில் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இறுதியில் ஜோ, டக்கரின் அறையில் தொலைபேசிக் குழலைக் கீழே எடுத்து வைத்துவிட்டு, குற்றவாளிகளின் வாயாலேயே நடந்ததை ஒட்டுக்கேட்பவர்களுக்குக் கேட்க வைக்கிறான். எந்த 'டிக்'குக்குப் பயந்தானோ அதையே துணைக்கு அழைத்துக்கொள்கிறான். விளக்கணைந்த அறையில் துப்பாக்கிகள் வெடிக்கின்றன.

பிறகு விடியற்காலை. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் அடியில், ஆற்றங்கரைப் பாறையில் போடப்பட்ட அண்ணனின் உடலைத் தேடி ஜோ படிக்கட்டில் இறங்குகிறான். பெரிய கற்சுவர்களின் ஓரமாக ஆள் எறும்புபோலத் தெரிகிறான். இறங்கிய பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கிறான். அந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணனும் என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவர் கேட்டது லியோவைப் பற்றியும் இல்லை, தம்பியைப் பற்றியும் இல்லை. "776 கட்டினவங்களுக்கு எல்லாம் காசு குடுத்தானுங்களா?" என்றார். டக்கரின் பணம் உள்ளே வந்ததால் கொடுத்திருப்பார்கள் என்றும், ஆனால் கட்டியவர்களின் வீட்டுக்குள் படம் போகவில்லை என்றும் சொன்னேன்.

"குடுத்திருப்பான். அப்பத்தானே மறுநாளும் கட்டுவானுங்க."

அப்புறம் சட்டைப் பையிலிருந்து சீட்டு ஒன்றை எடுத்து, இன்றைய குலுக்கல் முடிவைக் கைப்பேசியில் பார்க்கச் சொன்னார். கடையில் முறையாக வாங்கிய சீட்டுத்தான். 'பெரிசு' என்னும் பந்தய வகையில் ஒரு வெள்ளி, முதல் பரிசு விழுந்தால் 2,500. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் படித்தேன். 1776.