கஞ்சாவோடு கலக்கும் புகையிலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை

"நான் தம் எல்லாம் அடிக்கிறதில்லை, எப்பவாவது ஸ்டஃப் மட்டும்தான்" என்று சொல்லும் பையன்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். அந்த ஸ்டஃப்பில், அதாவது கஞ்சாவில், கலக்க ஒரு சிகரெட்டைப் பிரித்துத் தூளைக் கொட்டியிருப்பார்கள், அது மட்டும் கணக்கில் வராது. நான் பார்த்தவரை நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகச் சுற்றுபவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் "வாரத்துக்கு ஒரு தடவைதான்" என்பவர்கூட அந்த ஒரு தடவையில் நிக்கோட்டினையும் சேர்த்தே இழுக்கிறார்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த நிக்கோட்டின்தான். புகையாக இழுத்தால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், சீக்கிரமே இறங்கியும் விடும், இறங்கியதும் எரிச்சல் வரும், எதிலும் மனசு நிற்காது, கை எதையாவது தேடும். அந்தத் தவிப்பைப் பையன் "ஸ்டஃப் வேணும்" என்று புரிந்துகொண்டு இன்னொன்று சுற்றுகிறான், உண்மையில் உடம்பு கேட்டது புகையிலையாக இருக்கலாம். கஞ்சா கிடைக்காத நாளில் வெறும் சிகரெட்டை வைத்துச் சமாளிப்பான். சிகரெட் பக்கமே போகாத சிலர் இந்த வழியாகத்தான் தினமும் பிடிப்பவர்களாக மாறினார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

"இது இயற்கை, மூலிகை" என்பார்கள். புகையிலையும் செடிதானே! எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். போதாததற்கு கஞ்சாவை இழுக்கும் விதமே வேறு, ஆழமாக இழுத்து, மூச்சை அடக்கி வைத்து, பெரும்பாலும் ஃபில்டர் இல்லாமல். 1988-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஒரு கஞ்சாச் சுருட்டில் உள்ளே போகும் தார் சுமார் மூன்று மடங்கு, ரத்தத்தில் ஏறும் கார்பன் மோனாக்சைடு சுமார் ஐந்து மடங்கு என்று தெரிந்தது.

கனடாவின் வான்கூவரில் 40 வயது தாண்டிய 878 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. கஞ்சாவும் புகையிலையும் இரண்டும் பிடித்தவர்களுக்கு, இரண்டையும் தொடாதவர்களைவிட சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. கஞ்சா மட்டும் பிடித்தவர்களிடம் அப்படித் தெளிவான கூடுதல் தெரியவில்லை, அதை மறைத்து நான் பயம் காட்டப் போவதில்லை. ஆனால் நம் பையன்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதுதானே இங்கே கேள்வி.

இதயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே நாடித்துடிப்பைக் கூட்டும். கஞ்சா பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடுகிறது என்று 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. பிடித்த பிறகு நெஞ்சு வலித்தால் படுத்தால் சரியாகிவிடும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன பிடித்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், விட நினைப்பவர்களுக்கு. ஒன்றை விட்டு மற்றதை வைத்துக்கொண்டால் விடுவது கஷ்டம், சிகரெட்டைக் கையில் எடுத்ததுமே அந்த நண்பர்கள், அந்த மொட்டை மாடி, எல்லாம் ஞாபகம் வரும். இரண்டும் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னால்தான் நிக்கோட்டின் சூயிங்கமோ பேட்ச்சோ தேவையா என்று அவரால் பார்க்க முடியும். புகையிலையை விட 1800-11-2356, மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. போலீஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தாலும், போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.