தலைமாட்டில் ஒரு சம்படம் சீப்புச் சீடை

அயித்தை அன்றைக்கு அடுப்பில் சோம்பும் கல்பாசியும் வறுத்துக்கொண்டிருந்தார். காரைக்குடியில் வாழ்க்கைப்பட்ட 3 வருடமாக எனக்கு வாயூற வைத்த வாசம். அன்று வீட்டின் இரண்டாம் கட்டைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். அப்போது 6 வாரக் கர்ப்பம்.

மசக்கை என்றால் காலையில் கொஞ்சம் குமட்டும், பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குச் சாயங்காலம்தான் அதிகம். கூடவே மண்டையிடி வேறு. நெற்றிப்பொட்டு இரண்டும் விண் விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நிழல் விழும் ஓரமாகப் பார்த்துத் தரையின் ஆத்தங்குடிக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவேன். ஒரு கல் சூடேறியதும் பக்கத்துக் கல்லுக்கு நகர வேண்டும். மத்தியானத்துக்குள் நாலைந்து கல் தாண்டியிருப்பேன்.

இதில் பாதி நானே இழுத்துக்கொண்டது. நாளைக்கு நாலு டம்ளர் காபி குடித்தவள், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே அடியோடு நிறுத்தினேன். குடித்ததெல்லாம் வெளியே வருகிறதே என்று தண்ணீரையும் குறைத்தேன். ஒரு வாரத்தில் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. வீட்டுக்காரர் தன் முதுகுவலிக்கு வைத்திருந்த இபுபுரூஃபனை எடுத்து நீட்டினார். நல்லவேளை, கர்ப்பப் பதிவுக்காக வந்த கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டினேன். “இதைத் தொடாதீங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க” என்றார்.

டாக்டரம்மா சிறுநீரில் கீட்டோன் (வயிறு காய்ந்தால் சேரும் பொருள்) இருக்கிறதா என்று பார்த்தார், எடை பார்த்தார். இந்தச் சமயத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடும், ஹார்மோன் ஏறும். அதோடு வயிறும் காய்ந்து தண்ணீரும் குறைந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்றார். தலைவலி தாங்கவில்லை என்றால் 500 மில்லிகிராம் பாராசிட்டமால், அவ்வளவுதான். குமட்டலுக்கு இரவில் டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை. இரும்புச் சத்து மாத்திரை இப்போதே போட்டால் குமட்டல் கூடும், முதல் 3 மாதம் கழியட்டும், அதுவரை ஃபோலிக் ஆசிட் போதும் என்றார். காபியில் எனக்கு நல்ல சேதி: ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருந்தால் சரி. ஒரு சின்ன டம்ளர் திரும்பி வந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும், டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

மாத்திரையைவிட எனக்குக் கைகொடுத்தது அப்பத்தாவின் சம்படம். “வெறும் வயித்தோட எந்திரிக்காதத்தா, ரெண்டைக் கடிச்சிட்டு எந்திரி” என்று தலைமாட்டில் சீப்புச் சீடையை வைத்துவிட்டுப் போனார். அரிசி மாவும் உளுந்து மாவும் தேங்காய்ப் பாலில் பிசைந்து சுட்டது. அதிக இனிப்பில்லை, காரமில்லை, முக்கியமாக வாசமில்லை. படுத்தபடியே இரண்டைக் கொறித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்தால் காலை வாந்தி பாதியாகக் குறைந்தது. சூடான சோறு கிட்டே வந்தாலே புரட்டும். ஆறிய சாப்பாட்டில் வாசம் குறைவு, அதனால் நீராகாரமும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் மதியச் சாப்பாடு. தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு வாய். நெற்றியில் சுக்குப் பற்று போட்டுவிட்டதும் அப்பத்தாதான். வலி போனதோ இல்லையோ, அந்த வாசம் எனக்கு ஒத்துக்கொண்டது. பப்பாளி பக்கமே போகாதே என்றதற்கு நான் வாதாடவில்லை. பப்பாளி தின்னாமல் யாரும் கெட்டுப்போகவில்லை. அயித்தை மசாலா வறுப்பதை நான் தூங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

9, 10 வாரம்தான் உச்சம். 14-ல் வாந்தி நின்றது. மண்டையிடி இன்னும் எப்போதாவது வருகிறது, பெரும்பாலும் சாப்பாடு தள்ளிப்போன நாளில். 20 வாரத்துக்கு மேல் தலைவலியோடு கண் மங்கினாலோ முகம், கை வீங்கினாலோ அது வேறு கணக்கு, ரத்தக் கொதிப்பாக இருக்கலாம், உடனே வா என்று டாக்டரம்மா சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைச் சம்படத்தின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.