சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனாலும்...

குற்றவியல் வழக்கு என்றாலே பொய்ச்சாட்சியை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். சிங்கப்பூர் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் சின்ன வக்கீல் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கும் எனக்கு, மனமாரச் சொல்கிற சாட்சியிடம்தான் பயம் அதிகம். பொய் சொல்கிறவர் குறுக்கு விசாரணையில் எங்கேயாவது மாட்டிக்கொள்வார். நம்பிச் சொல்கிறவர் லேசில் அசைய மாட்டார்.

ஓர் அடிதடி வழக்கு. ஞாயிற்றுக்கிழமை இரவு தேக்கா பக்கம் ஊர்க்காரப் பையன்களுக்குள் தகராறு, ஒருவருக்கு மண்டையில் பாட்டில் அடி. கைகலப்பில் தானும் இருந்ததை எங்கள் கட்சிக்காரர் மறுக்கவில்லை. பாட்டிலை ஓங்கியது யார் என்பதுதான் கேள்வி. வெறும் கையால் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஆயுதம் என்றால் 324, 7 ஆண்டு வரை போகும், பிரம்படியும் கிடைக்கலாம்.

அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, எங்கள் கட்சிக்காரர் இருந்த அதே தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்த ஒரு தம்பி. நீலச் சட்டைக்காரர்தான் அடித்தார் என்று போலீசில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். நீலச் சட்டை எங்கள் ஆள். பாட்டில் விழுந்தபோது எங்கே நின்றீர்கள் என்று எங்கள் வக்கீல் நிதானமாகக் கேட்டார்.

"சிகரெட் வாங்கப் போனேன் சார். சத்தம் கேட்டு ஓடி வந்தேன்."

"அப்படியானால் அடித்ததைப் பார்க்கவில்லை?"

"ரூம்ல எல்லாரும் அவர்தான்னு சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது."

பாவம், அவர் நடிக்கவில்லை. வாக்குமூலம் எடுப்பதற்குள் விடுதியில் அந்தச் சண்டையைப் பலமுறை பேசித் தீர்த்துவிட்டார்கள். கேட்டதெல்லாம் அவருக்குக் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்கிற தற்காலிகத் தங்கும் அனுமதியில் காத்துக்கிடக்கும் தொழிலாளிக்குச் சீக்கிரம் சொல்லி முடித்தால் போதும் என்றும் இருக்குமே!

அப்புறம் கேமரா. பக்கத்துக் கடையில் எங்கள் ஆள் தண்ணீர் பாட்டில் வாங்குவது பதிவாகியிருந்தது. திரையில் 9.31. சண்டைக்கு முந்திய காட்சி என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் இருந்த ரசீதிலோ 9.43. ரசீதை மட்டும் நம்ப முடியாது, கல்லாவின் கடிகாரமும் தப்பாக ஓடலாம். தண்ணீருக்குக் கைப்பேசியில் பேநவ் வழியாகக் கட்டிய பணம் வங்கிக் கணக்கிலிருந்து போன நேரத்தைப் பார்த்தோம்: 9.43. கேமராதான் 12 நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. அடிபட்டவர் விழுந்ததும் ஆம்புலன்ஸுக்கு, 995க்கு, அழைப்பு போனது 9.44க்கு. அதாவது அடி விழுந்த நேரத்தில் எங்கள் ஆள் கடையில் இருந்திருக்கிறார். கடிகாரத்தைச் சரிபார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதைவிடப் பெரிய வழக்குகளிலும் இப்படி நடந்திருக்கிறது. 2005இல் பூன் லேயில் 69 வயது மூதாட்டி கொலையான வழக்கில் சகோதரர்கள் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. வீட்டுக்குள் வந்தது ஒருவர்தான் என்று படுக்கையில் கிடந்த கணவர் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்புக்குக் கிடைத்தது வெகு தாமதமாக. போலீஸ் வாக்குமூலங்களை எழுதிய விதத்திலும் குறைகள். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சகோதரர்களில் ஒருவரை விடுவித்தது.

எங்கள் வழக்கில் 324 போய் 323 ஆனது. ஒப்புக்கொண்டார், அபராதத்தோடு முடிந்தது. அந்தத் தம்பி மேல் கட்சிக்காரருக்கு இன்னும் கோபம்; வேண்டுமென்றே மாட்டிவிட்டான் என்கிறார். நானும் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை.