பழைய வால்வு அம்ப்ளிஃபயருக்குப் புதிய ஸ்பீக்கர்

ஹட்டனில் மூன்று நாட்களாக விடாமல் மழை பெய்ததால், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட வேலையை முடித்துவிட்டேன். என் 15 வாட் கிட்டார் அம்ப்ளிஃபயரின் 12 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றியபோது, மலைநாட்டு ஈரத்தில் ஊறிய கூம்புக் காகிதம் விரல் பட்டதும் நார்நாராகப் பிரிந்தது. ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்னெதிர்ப்பு) அம்ப்ளிஃபயருடன் பொருந்தாவிட்டால், ஸ்பீக்கருக்கு மின்சாரத்தை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபோமருக்கு ஆபத்து என்பதால், செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரில் என் அம்ப்ளிஃபயருக்குப் பொருந்தும் 8 ஓம் வகையையே தேடி வாங்கிப் பொருத்தினேன். கிட்டாரின் ஒலிச் சமிக்ஞையை முதலில் பெருக்கும் வால்வான (வெற்றிடக் குழாய்) 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில், பெருக்கும் திறன் அதில் பாதிக்கும் குறைவான 12ஏவை7-ஐச் செருகியதும், வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினாலும் ஒலி சிதறாமல், எங்கள் சிறிய லயத்து (தோட்ட வரிசைக் குடியிருப்பு) அறையிலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. இந்தத் தெளிவுக்காகத்தான் இத்தனை காலம் ஏங்கினேன். உள்ளே கை வைக்க நினைப்பவர்களே, பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மீட்டர் பூச்சியம் காட்டும்வரை எதையும் தொடாதீர்கள்.